ஆறிப்போன காபியும் அடிபட்ட மூக்கும்

சல்த் நகரம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணன் அபூ கல்தூன் அவர்களுக்குத் தம்பி நாயிஃப் எழுதிக்கொண்டது. உங்கள் மீதும் மதனி மீதும் உங்கள் நான்கு சிங்கக்குட்டிகள் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கே நான், என் மனைவி இன்ஆம், மகள் லுஜைன் மூவரும் நலம். ஊரில் ஒரே ஒரு மூக்கு மட்டும் நலமில்லை. அது நம் வீட்டு மூக்கு அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். குவைத்தில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிர்சாதன அறையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம் என்று இன்ஆம் சொல்லச் சொன்னாள்.

நேற்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "ஏண்டா, ஒரு பொட்டப்புள்ள பண்ணின வேலைக்கு ஊர்ப் பெரியவங்களை எல்லாம் திரட்டிக்கிட்டுப் போய்க் கைகட்டி நின்னியாமே, நம்ம வீட்டு மானம் என்னத்துக்கு ஆகுறது?" என்று கேட்டிருந்தீர்கள். மீதியை என் மகள் பக்கத்தில் இருந்ததால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டேன். தொலைபேசியில் பதில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவீர்கள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால்தான் பேனா எடுத்தேன். மளிகைக்கடை அபூ ஷாதியின் மகன் ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதமும், ஆலிவ் எண்ணெயும், இன்ஆம் கட்டிவைத்திருக்கும் ஒரு பொட்டலமும் வந்து சேரும்.

லுஜைன் எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, டாக்டர்கள் எல்லாம் கையை விரித்த பிறகு பிறந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு நாலு பேர். ஒருத்தன் மரத்திலிருந்து விழுந்தால் மற்ற மூணு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அதனால் நான் கொஞ்சம் கூடுதலாகத்தான் பார்த்துக்கொள்வேன். பள்ளிப் பேருந்துக்குப் பின்னாலேயே காரில் போனேன் என்று போன வருஷம் சிரித்தீர்கள். போனேன், மறுக்கவில்லை. ஓட்டுநர் வேகமாகப் போகிறானா என்று பார்க்கத்தான் போனேன்; யாரோ துரத்துகிறார்கள் என்று பயந்து அவன் வேகமாகப் போனது வேறு விஷயம். அவளுக்குப் பல் பிடுங்கியபோது, அந்த மரத்துப்போகும் ஊசியை முதலில் எனக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அரை நாள் என் வாய் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் சிரித்தீர்கள். டேக்வாண்டோ வகுப்பில் சேர்க்கும் முன்பு அது ஆபத்தா என்று தெரிந்துகொள்ள முதல் வகுப்புக்கு நானே போய்க் காலைத் தூக்கினேன். அதன் பிறகு பத்து நாள் நான் படியேறவில்லை. தெருவெல்லாம் படிக்கட்டாக இருக்கும் சல்த்தில் படியேறாமல் பத்து நாள் என்றால் அது வீட்டுக்காவல்தான்.

அப்போதும் நீங்கள், "பொண்ணுக்கு எதுக்குடா உதைக்கிற படிப்பு?" என்று கேட்டீர்கள். இப்போது வந்து பாருங்கள், அண்ணா. சிவப்பு பெல்ட் வாங்கிவிட்டாள். அவள் கால் அவள் தலைக்கு மேலே போகிறது. நம் அம்மா ஆசையாக வாங்கிய கூடத்துக் கண்ணாடி விளக்கில் இப்போது ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை. யாராவது விருந்தாளி வந்து அதைப் பார்த்தால், நானே வலியப் போய் எப்படி உடைந்தது என்று சொல்கிறேன். அடுத்த மாதம் தலைநகர் அம்மானில் நாட்டு இளையோர் அணிக்கான தேர்வு. அதில் கலந்துகொள்ள அவளைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்திருக்கிறார், நம் மாவட்டத்திலிருந்து ஒரே பெண். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் நான் செய்ததெல்லாம் இதற்காகத்தான்.

போன வாரம் ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். அபூ ஷாதி தராசைத் துடைத்துக்கொண்டே, "அபூ லுஜைன், உம்ம பொண்ணு காலு நல்லா வேலை செய்யுது போலிருக்கே" என்றார். என்ன விஷயம் என்று கேட்டால், பள்ளிவாசலுக்குக் கீழே உள்ள பெரிய படிக்கட்டில் டயர் கடைக்காரர் அபூ கைஸின் மகன் கைஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம், சட்டை முழுக்க ரத்தமாம், அவன் முன்னால் நம் லுஜைன் டேக்வாண்டோ பையோடு நின்றாளாம். வேறு ஈ காக்கை இல்லையாம். "உம்ம சம்சாரங்கூடப் பதறியடிச்சு வந்து ஐஸ் வாங்கிட்டுப் போனாங்களே, வீட்டுல சொல்லலையா?" என்றார். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ரொட்டியை மறந்துவிட்டு மேலே ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த இன்ஆம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். லுஜைன் பக்கத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கைஸ் மூக்கை உடைச்சது யாரு?" என்று கேட்டேன். லுஜைன் அம்மாவைப் பார்த்தாள், அம்மா அரிசியைப் பார்த்தாள். அந்த அரிசியை ஏற்கெனவே நாலு தடவை களைந்திருப்பாள், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு லுஜைன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் பாபா. உதைச்சுக் காட்டினேன், தெரியாம பட்டுடுச்சு. அவன் நல்ல பையன், அவன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

அந்த நிமிஷம் எனக்கு இரண்டு உணர்ச்சி வந்தது. ஒன்று பயம். எலும்பு உடைந்த விஷயம், பையன் வீட்டார் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு புகார் கொடுத்தால் போதும், அம்மான் தேர்வு அவ்வளவுதான், புகார் உள்ள பிள்ளையை எந்த அணியில் சேர்ப்பார்கள்? இரண்டாவது உணர்ச்சியை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தக் கைஸ் என்னைவிட ஒரு சாண் உயரம், அண்ணா. அவன் மூக்கு இருக்கும் உயரத்துக்கு என் மகள் கால் போயிருக்கிறது. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து கண்டித்தேன்.

புகார் போகும் முன்பு நாம் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். போவது என்றால் சும்மாவா? பெரியவர்களைத் திரட்டி, முறைப்படி ஒரு ஜாஹாவாகப் போய்ச் சமாதானம் கேட்பது என்று தீர்மானித்தேன். கொலைக்கும் கல்யாணத்துக்கும் போகிற மாதிரி ஒரு மூக்குக்குப் போவதா என்று நீங்கள் கேட்பீர்கள். என் மகளுக்காக மூக்குக்கு என்ன, நகத்துக்கும் போவேன். இன்ஆம்தான் விடாமல் தடுத்தாள். "வேணாங்க, நான் அவங்க அம்மாகிட்ட ஒரு போன் பேசிக்கிறேன், ஊரைக் கூட்டாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பெண்களுக்கு எப்போதும் பயம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஹாஜி துர்கியைப் போய்ப் பார்த்தேன். அவர் முன்னால் நின்று பேசிய எந்தச் சமாதானமும் இதுவரை தோற்றதில்லை. விஷயத்தைக் கேட்டதும், "பொண்ணா உதைச்சா? உயரம் என்ன?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை இருபது பேர் அங்கி போட்டுக்கொண்டு ஏழு காரில் கிளம்பினோம். நான் உங்கள் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டேன், அலமாரியில் சும்மாதானே தொங்கியது? அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நம் சித்தப்பா மகன்கள் காரில் ஏறியதும் பழக்கதோஷத்தில் கல்யாண ஊர்வலம் மாதிரி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், வழியில் இரண்டு வீட்டு மாடியிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். கிளம்பும்போது இன்ஆம் அழுத கண்ணோடு ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்து, "கைஸ் அம்மாகிட்ட குடுத்துடுங்க" என்றாள். உள்ளே ஜமீத். கடையில் டப்பாவில் வாங்கித் தின்கிறீர்களே, அந்தச் சமாசாரம் அல்ல. கரக்கிலிருந்து வரவழைத்தது, தயிரை உருட்டி வெயிலில் காயவைத்துக் கல்லாக்கிய அசல் உருண்டை, ஒவ்வொன்றும் ஒரு முஷ்டி அளவு. நம் வீட்டில் மன்சஃப் கறிச்சோறு செய்ய வைத்திருந்ததை ஏன் கொடுக்கிறாள் என்று யோசித்தேன். கேட்க நேரமில்லை.

அபூ கைஸ் வீட்டில் போய்ப் பார்த்தால் எங்களைவிடப் பெரிய கூட்டம். ஹாஜி துர்கி முதல் நாள் தொலைபேசியில், "நாளைக்குப் பெரியவங்க காபி குடிக்க வர்றோம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார், முறை அதுதானே? கட்டிக்கொடுக்கும் வயதில் வீட்டில் பெண் இல்லை, யாரோடும் சண்டை இல்லை, இவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று புரியாமல் அந்த மனுஷன் பாதுகாப்புக்குத் தன் மாமன் மச்சான் எல்லாரையும் வரவழைத்துச் சுவரோரம் உட்காரவைத்திருந்தார். வரவேற்றார்கள், உட்கார்ந்தோம். காபிக் கூஜாவோடு உள்ளிருந்து வந்தது யார்? கைஸ். மூக்கின் மேல் குறுக்காக வெள்ளைப் பிளாஸ்திரி, இரண்டு கண்ணுக்கும் கீழே நீலம். எங்கள் ஆட்கள் எல்லாரும் மூக்கைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என் தோள் கொஞ்சம் உயர்ந்ததை நான் தடுக்கவில்லை.

அவன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் துணிப்பையை எடுத்து, "இது லுஜைன் அம்மா குடுத்தது, ஜமீத்" என்று நீட்டினேன். பையன் ஏதோ பாம்பைப் பார்த்த மாதிரி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். காபி உங்கள் அங்கியில் கொட்டியது. கறை போகுமா என்று இன்ஆம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லார் முன்னாலும் காபி வைத்தாயிற்று. முறைப்படி யாரும் தொடவில்லை, கேட்டது கிடைத்தால்தானே தொட முடியும்? ஹாஜி துர்கி எழுந்தார். இறைவனைப் புகழ்ந்து, அந்த வீட்டை, அந்த வீட்டு வாசலை, அவர்கள் பாட்டன் பூட்டனைப் புகழ்ந்து, கடைசியாக, எங்கள் வீட்டுப் பிள்ளை தெரியாமல் செய்த தவறை மன்னித்து, புகார் எதுவும் இல்லை என்று வாக்குக் கொடுத்தால்தான் இந்தக் காபி எங்கள் தொண்டையில் இறங்கும் என்று முடித்தார். அருமையான பேச்சு. அபூ கைஸ் தன் மச்சான்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தவறு ஹாஜி?" என்றார்.

"உங்க பையன் மூக்கு."

"அது பள்ளிக்கூடத்துல பந்து விளையாடும்போது கோல் கம்பத்துல மோதிக்கிட்டான். கம்பத்துக்காகவா இவ்வளவு பேர் வந்திருக்கீங்க?"

அண்ணா, வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பான். புகார் இல்லை, குற்றமே இல்லை, அம்மான் தேர்வுக்கு ஆபத்து இல்லை. நான் எதற்காக வந்தேனோ அது நான் வாயைத் திறக்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் கம்பம் என்றதும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. என் மகள் வெயிலிலும் பனியிலும் பயிற்சி செய்து, கூடத்து விளக்கை உடைத்து, அவ்வளவு உயரத்துக்கு ஒரு காலை வளர்த்துவைத்திருக்கிறாள், அதை ஒரு இரும்புக் கம்பம் தட்டிக்கொண்டு போவதா? எழுந்து நின்றுவிட்டேன். "கம்பத்துல மோதினா நெத்தியிலதான் படும். இது பக்கவாட்டுல இருந்து வந்த உதை, சும்மா இல்ல, சுழன்று வந்த உதை, நான் அந்த வகுப்புக்கே போயிருக்கேன்" என்றேன். காட்டுவதற்காகக் காலையும் கொஞ்சம் தூக்கினேன். ஹாஜி துர்கி உங்கள் அங்கியின் நுனியைப் பிடித்து இழுத்தார். தையல் விட்டது அப்போதுதான்.

அவர்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பெண் தங்கள் பையன் மூக்கை உடைத்தாள் என்று வீடு தேடி வந்து சொல்வது மன்னிப்பா, மார்தட்டலா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அபூ கைஸ் பொறுமையாக, "நடக்காத தப்பை நான் எப்படி மன்னிக்கிறது?" என்றார். ஹாஜி துர்கி, "நீங்க மன்னிக்காம நாங்க எப்படிக் காபி குடிக்கிறது?" என்றார். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள், அதுதான் சிக்கல். காபி ஆறிப்போனது. புதிதாக ஊற்றினார்கள், அதுவும் ஆறிப்போனது. குடிக்காமல் எழுந்தால் பகை என்று அர்த்தம், குடித்தால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம், எதுவும் கேட்கவே இல்லையென்றால் என்ன செய்வது என்று எந்தப் பெரியவருக்கும் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் கைஸின் அம்மா குனாஃபா இனிப்புத் தட்டோடு நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் கைஸ் கூஜாவைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான், அந்தத் துணிப்பையைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான். "மாமா சொல்றதுதான் சரி. லுஜைன் காலுதான் பட்டுச்சு, அவ வேணும்னு பண்ணல. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் கம்பம்னு சொன்னேன்" என்றான். அபூ கைஸ் மகனின் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த மனுஷன் தொடையில் தட்டிச் சிரித்தார் பாருங்கள், சுவரோரம் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். "மன்னிச்சாச்சு, புகாரும் இல்ல, ஒண்ணும் இல்ல, குடிங்க. ஆனா ஒரு நிபந்தனை" என்றார். "எனக்குச் சின்னப் பொண்ணு ஒருத்தி இருக்கா. அவளை அந்த உதைக்கிற வகுப்புல லுஜைன் கையாலேயே சேர்த்துவிடணும். இவனைப் பார்த்துக்க வீட்டுல ஒரு ஆள் வேணும்" என்றார். இருபது பேரும் ஒரே மடக்கில் குடித்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான காபி குடித்ததில்லை.

இதுதான் நடந்தது. இதில் நம் மானம் எங்கே போயிற்று? இன்றைக்கு நான் சந்தைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் கூட, "அந்தப் பொண்ணோட அப்பாவா?" என்று கேட்டு நிறுத்துகிறார்கள். அபூ லுஜைன் என்று மகள் பெயரால் என்னைக் கூப்பிடுவதை ஒரு காலத்தில் நீங்களே கிண்டல் செய்தீர்கள். இப்போது ஹாஜி துர்கியே அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்தக் காலுக்கு நான் எவ்வளவு பெருமைப்படுகிறேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நாளைக்கே அவளுக்கு இன்னொரு ஆபத்து என்றால் இருபது பேர் என்ன, இருநூறு பேரைக் கூட்டிக்கொண்டு போவேன், அங்கியை மட்டும் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்கிறேன்.

மதனிக்கு என் சலாம். பிள்ளைகள் நால்வரின் தலையிலும் நான் கைவைத்ததாகச் சொல்லுங்கள். உங்கள் முட்டிக்கும் கோபத்துக்கும் இறைவன் சேர்த்துச் சுகம் கொடுக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
நாயிஃப் (அபூ லுஜைன்)

பின்குறிப்பு: உறை தேடி உள்ளே போன நேரத்தில் லுஜைன் இதை எடுத்துப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். "என் காலைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்களே பாபா" என்றாள். அப்புறம் அழுதுவிட்டாள். அவள் உதைக்கவே இல்லையாம். டேக்வாண்டோ பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாளாம், கைஸ் அதை எடுத்துக்கொண்டு கையை நீட்டியபடி படிக்கட்டில் அவள் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான். எதிரே சந்தையிலிருந்து வந்த இன்ஆம், எவனோ தன் மகளைத் துரத்துகிறான் என்று நினைத்து, கையில் இருந்த பையை வீசியிருக்கிறாள். பையில் ஜமீத். பிள்ளையை அடித்த ஆசிரியை என்று புகார் போனால், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கையில் அம்மா வேலை போய்விடும் என்று லுஜைன் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். கைஸ் கம்பம் என்றது தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சருக்காக, கடைசியில் உதை என்றதும் டீச்சருக்காக.

அம்மான் தேர்வே போய்விடலாம் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள், அண்ணா. பதினாறு வயசு. நான் ஊரையே கூட்டிக்கொண்டு அவளைக் காப்பாற்றப் போனேன், அவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டாள். உதைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் கழிப்பறைக்குள் போய் இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி எழுதப் பொறுமை இல்லை. அதனால் மேலே உதை என்று வரும் இடத்தில் எல்லாம் ஜமீத் என்றும், கால் என்று வரும் இடத்தில் மனசு என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். படித்ததும் கிழித்துவிடவும். சல்த்தைப் பொறுத்தவரை அது உதைதான். பொட்டலத்தில் ஒரே ஒரு ஜமீத் உருண்டை இருக்கும். அது இந்த நாட்டில் இருக்கும்வரை தூக்கம் வராது என்கிறாள் இன்ஆம். ஊறவைத்து மன்சஃப் செய்து எல்லாரும் சாப்பிடுங்கள். ஒரு ஓரம் உடைந்திருக்கும், கவலை வேண்டாம், நன்றாகக் கழுவிவிட்டோம்.